வேலை முதலில், ஆள் பிறகு

சீடன்: ஐயா, எங்கள் பதிப்பகத்தின் இணையதளத்துக்கு ஒரு வெப் டிசைனரை வேலைக்கு எடுக்க வேண்டும். விளம்பரம் எழுதி வந்திருக்கிறேன். “துடிப்பான வெப் டிசைனர் தேவை. ஃபிக்மா, ஃபோட்டோஷாப், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிஎச்பி, வீடியோ எடிட்டிங் தெரிந்திருக்க வேண்டும். 5 ஆண்டு அனுபவம். சம்பளம் நேரில்.”

குரு: இதைப் படிப்பவருக்கு, வேலையில் சேர்ந்தால் தான் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியுமா?

சீடன்: தெரியாது. ஆனால் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேனே.

குரு: அங்கேதான் வரிசை மாறிவிட்டது. ஆளைத் தேர்வது பற்றி வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டாவதில் அவர் காட்டும் வரிசை: செய்யவேண்டிய வேலை, அதை முடிக்கும் வழி, அதற்குப் பிறகே ஆள். நீ ஆளிலிருந்து தொடங்கியிருக்கிறாய். சொல், இந்தத் தளத்தால் என்ன நடக்க வேண்டும்?

சீடன்: வாசகர் செல்பேசியிலேயே புத்தகத்தைத் தேடி, சில பக்கங்களைப் படித்துப் பார்த்து, பணம் கட்டி வாங்க வேண்டும். வயதானவர்களும் சிரமமில்லாமல் படிக்க வேண்டும்.

குரு: இதுதான் உன் முதல் பத்தி. தகுதிகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் வரிக்கு மேலும் கீழும் நீளும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி அவற்றை நெருக்கும். நீண்ட தமிழ்ச் சொல் சின்னப் பொத்தானில் அடங்காது. ஆகவே தமிழ் எழுத்துருக்களோடு வேலை செய்தவரைக் கேள். முதியவர் படிக்க வேண்டுமானால், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அணுகுதன்மை நெறி. அதை அறிந்தவரைக் கேள்.

சீடன்: மென்பொருள்களின் பெயர் வேண்டாமா?

குரு: ஒன்றிரண்டு போதும். ஒரு காலத்தில் வெப் டிசைனர் என்றாலே ஃபிளாஷ் தெரிய வேண்டும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதைக் கைவிட்டது. ஆனால், எந்தத் திரைக்கும் ஏற்றபடி பக்கம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 2010-இல் ஈதன் மார்காட் எழுதிய ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ இன்றும் இந்தத் தொழிலின் அடிப்படை. பிஎச்பியும் வீடியோவும் வேறு வேறு தொழில்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே கேட்டால், தேர்ந்தவர்தான் முதலில் விலகுவார். கட்டாயத் தேவைகளை நான்கைந்தில் நிறுத்து; மற்றவற்றை ‘தெரிந்தால் நல்லது’ என்று தனியாக எழுது.

சீடன்: அனுபவத்தை எப்படி அளப்பது?

குரு: ஆண்டுக் கணக்கு அவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைத்தான் சொல்லும். செய்த தளங்களில் இரண்டைக் காட்டச் சொல். அவற்றில் தன் பங்கு எது, ஏன் அப்படி வடிவமைத்தார் என்று எழுதச் சொல். புதிதாக ஒரு பக்கம் செய்து காட்டச் சொன்னால், அதற்குக் கூலி கொடு.

சீடன்: சம்பளத்தை முன்பே சொல்லிவிட்டால் பேரம் பேச இடமிருக்காதே?

குரு: அந்தப் பேரத்தில் நீ மிச்சம் பிடிப்பது அவருடைய அறியாமையிலிருந்து. அது நேர்மையான லாபம் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சம்பள வரம்பை வேலை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2021-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கேட்கும்வரை நீ காத்திருக்க வேண்டாம். அலுவலகமா வீடா, யாரிடம் வேலை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுது.

சீடன்: இவ்வளவையும் திறந்து சொன்னால், விண்ணப்பிப்பவர்கள் குறைந்துவிட மாட்டார்களா?

குரு: குறையட்டும். பொருந்தாதவர் தாமே அறிந்து விலகினால் அவருடைய நேரமும் உன் நேரமும் மிஞ்சும். இன்னொன்றும் உண்டு. ஆறு மாதம் கழித்து அவர் வேலையை நீ எடைபோடும்போது உன் கையில் இருக்கவேண்டிய அளவுகோல் இந்தத் தாள்தான். இதில் இல்லாததைக் கேட்டு அவரைக் குறைசொல்ல உனக்கு உரிமை கிடையாது. அவரைக் கட்டுப்படுத்தும் முன் உன்னைக் கட்டுப்படுத்துவது இது. அந்தப் பொறுப்போடு எழுது.