ஏழு மாத அவசரம்

ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 2022-இல் ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வரவேண்டிய 2025-இல் பெற்றோர் திரண்டு முறையிட்டனர். ஏப்ரலில் அரசு இறங்கிவந்தது: யுகேஜி முடித்த பிள்ளைக்கு ஐந்து வயது ஐந்து மாதம் போதும், அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும். ஏழு மாதம்தானே என்று பெங்களூரு பெருமூச்சு விட்டது. அந்த ஏழு மாதம் யாருடையது என்று கேட்டவர் குறைவு.

அது பிள்ளையுடையது. அதைப் பறிக்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, பள்ளிக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை.

மழலையர் பள்ளி ஆசிரியை எதை நம்பித் தம் தொழிலைச் செய்கிறார்? களிமண் பிசையும் விரல்தான் நாளை பென்சில் பிடிக்கும். கதையைத் திருப்பிச் சொல்லும் வாய்தான் பின்னர் வாசிக்கும். ஊஞ்சலில் தன் முறைக்குக் காத்திருப்பதும், அடித்துக்கொண்ட தோழியோடு மறுபடி சேர்வதும் அந்த வயதின் பாடங்கள். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளி இதைக் கண்டுகாட்டியது. 1939-இல் அவரே அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களைப் பயிற்றினார். பாவ்நகரில் 1920-இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாயும் இவ்வழியே நடந்தார். மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தளப் பருவம், அதற்கு விளையாட்டே வழி என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானையும் ஊசலும் உண்டு. பிள்ளையின் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் மேலாக வைத்தார் வள்ளுவர். உணவைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வைப் பயனற்றதென்றான் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி. மாணவன் கொள்ளும் திறமறிந்து கற்பிக்கச் சொன்னார் நன்னூல் தந்த பவணந்தியார். ஐந்து வயதின் கொள்திறனை மீறிக் கொட்டுவது அவர் இலக்கணப்படியும் பிழையே.

பெற்றோர் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. ஆணைக்கு முன்பே ப்ளே ஹோமில் சேர்த்தவர்கள் மறுபடி ஓராண்டு யுகேஜிக் கட்டணம் கட்ட நேர்வது இழப்புதான். ஆனால் அது பெரியவர்களின் கணக்கு வழக்கு. பிள்ளையின் பருவத்தை விற்று அதை நேர்செய்யலாகாது.

ஆகவே ஆசிரியைக்கு ஒரு கடமை உண்டு. சேர்க்கை குறைந்தாலும் சரி, இந்தப் பிள்ளை இன்னும் விளையாட வேண்டும் என்று பெற்றோரிடம் அவர் சொல்லியாக வேண்டும். பெற்றோர் அதற்குச் செவிகொடுக்க வேண்டும். அரசோ தான் இட்ட விதியில் தானே நிற்க வேண்டும். திரண்டு வந்து முறையிடத் தெரியாத குடிமக்களுக்காகத்தான் விதி இருக்கிறது.