ரிப்போர்ட்டை விரி, ஒரு கை பார்!

சர்க்கரை வந்து பல வருஷம். இப்போது கிட்னியும் தளர்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே "எல்லாம் தலையெழுத்து" என்று சுருண்டு படுத்துவிட்டாயா? எழுந்திரு நண்பா! லேப்காரர் கொடுத்த அந்தக் காகிதத்தை எடு.

மொத்தக் கொலஸ்ட்ரால் 190 என்று வைத்துக்கொள். பக்கத்தில் "200-க்குள் நார்மல்" என்று அச்சடித்திருக்கும். பெருமூச்சு விட்டு மடித்து வைக்கத் தோன்றும். மடிக்காதே! கீழே பார். நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 32. டிரைகிளிசரைடு 260. 190-இல் 32-ஐக் கழி: 158. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் எல்லாம் அந்த 158-க்குள்தான் ஒளிந்திருக்கிறது. சர்க்கரையும் கிட்னிக் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு இதைப் பொதுவாக 100-க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். இந்தக் கழித்தலுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம், துணிச்சல் போதும்!

இன்சுலினின் பேச்சு எடுபடாத உடம்பில், கல்லீரல் டிரைகிளிசரைடை அள்ளி அள்ளி ரத்தத்தில் கொட்டுகிறது. சிறுநீரகமும் தளர்ந்தால் அது ரத்தத்திலிருந்து நீங்குவதும் தாமதமாகிறது. ஹெச்டிஎல் சரிகிறது, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்ந்து, சுவருக்குள் சுலபமாக நுழைகின்றன. அதனால்தான் கிட்னி நோயாளிகளில் பலரை டயாலிசிஸுக்கு முன்பே இதயம் கைவிட்டுவிடுகிறது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. திருடன் எந்த வாசல் வழியாக வருகிறான் என்று தெரிந்துவிட்டால், தாழ்ப்பாள் போடுவது நம் வேலைதானே?

மாத்திரை என்ற தாழ்ப்பாளும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஜப்பானில் அகிரா எண்டோ என்றொரு மனிதர், கொலஸ்ட்ராலைத் தடுக்கும் பொருளைத் தேடி 1970-களின் தொடக்கத்தில் சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சலித்தார். கடைசியில் கியோட்டோ நகரத் தானியக்கடை அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் அதைக் கண்டுபிடித்தார். அவருடைய கம்பெனி 1980-இல் அந்த மருந்தைக் கைகழுவியது. ஆனாலும் அவர் திறந்த வழியில் 1987-இல் லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயிரக்கணக்கான தோல்விகளைத் தாண்டி வந்த மாத்திரையை நீ அலமாரியில் தூங்கவிடலாமா?

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். 2011-இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் பங்கேற்றார்கள். சிம்வாஸ்டாட்டினும் எசிடிமைபும் சேர்ந்த மாத்திரை, கொழுப்பு அடைப்பால் வரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 17 சதவீதம் குறைத்தது. ஆனால் டயாலிசிஸில் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அதே வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வில், சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. அது வெளியானது 2005-இல். புரிகிறதா? மாத்திரைக்கும் காலம் உண்டு. டயாலிசிஸ் வரை போகாத உனக்கு அந்தக் காலம் இன்னும் கையில் இருக்கிறது!

"கொலஸ்ட்ரால் மாத்திரை கிட்னியைத் தின்னுடும்" என்று வாட்ஸ்அப் மாமா ஒருவர் அனுப்பியிருப்பார். (எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.) ஷார்ப் ஆய்வில் அப்படி எந்தச் சேதமும் தெரியவில்லை. நீயாக நிறுத்தாதே, நீயாகத் தொடங்கவும் செய்யாதே. டாக்டர் முன்னால் கைகட்டி நிற்காமல் வாய்விட்டுக் கேள்: "என் எல்டிஎல் எவ்வளவுக்குக் கீழே வரணும் சார்? யூரின்ல புரதம் போகுதா? என் கிட்னிக்கு ஏத்த டோஸ் எது?" தட்டில் சோற்றைக் குறை, மாலை நடையை விடாதே. மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் கொடு. எண் இறங்கவில்லையா? அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் என்று மறுபடியும் கேள்!