காற்றின் கடிவாளம் யார் கையில்?



ஒரு கடுங்கோடையில் எங்கள் ஊர்த் திடலில் மழைத் தொழுகை நடந்தது. குத்பா ஓதி, மேலாடையைத் திருப்பிப் போட்டு, கையேந்தி துஆச் செய்து முடித்தோம். கூட்டம் கலையும்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத்! காற்று வந்தால் மழை பெய்யும், வராவிட்டால் பெய்யாது என்று படிக்கிறோம். இதில் துஆவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இப்படியெல்லாம் கேட்டால் ஈமான் போய்விடும்!" என்று அதட்டினார்.

கேள்வி கேட்பதால் ஈமான் போய்விடாது. பதில் சொல்லாமல் அதட்டுவதால்தான் பிள்ளைகள் பள்ளிவாசல் படியை மறக்கிறார்கள். அன்று அந்த இருவருக்கும் நாம் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ்வின் அருளால் மழை கிடைத்தது என்றவர் இறைவனை நம்பியவர், இன்ன நட்சத்திரம் தந்தது என்றவர் அவனை மறுத்தவர் என்னும் கருத்தை இறைவன் கூற்றாகவே அறிவித்தார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது. ஆனால் இன்ன நட்சத்திரம் தோன்றும் காலத்தில் மழை பெய்தது என்று பருவத்தைக் குறித்துச் சொல்வது குற்றமாகாது என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். காரணத்தை அறிவது வேறு. காரணத்தையே கடவுளாக்குவது வேறு.

அந்தக் காரணம்தான் என்ன? சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், கால் பொசுங்கும். நாலடி நடந்து தண்ணீரில் கால் வையுங்கள், குளிரும். இரண்டின் மீதும் விழுவது ஒரே வெயில்தான். தரை விரைவில் சூடேறும். கடல் மெல்லத்தான் சூடேறும். கோடையில் நம் நாடும் அதற்கு வடக்கே திபெத்துப் பீடபூமியும் காய்ந்து சூடேற, அங்குள்ள காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று புறப்படுகிறது. பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, சோமாலியாக் கரையோரமாக அரபிக்கடலைக் கடந்து, ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து கொட்டுகிறது. மலைக்கு இப்பாலுள்ள நமக்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஐப்பசியில் தரை குளிரத் தொடங்கியதும் காற்றுத் திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து நமக்குத் தருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதுதான்.

'மவ்ஸிம்' என்றால் அரபியில் பருவம். அச்சொல்லே ஐரோப்பியர் வாயில் 'மான்சூன்' ஆயிற்று. இக்காற்றை நம்பித்தான் அரபு மரக்கலங்கள் நம் கரைகளுக்கு வந்து போயின. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி இப்னு மாஜித் எந்தக் காற்றில் எந்தத் துறையிலிருந்து புறப்படுவது என்று நூலே எழுதி வைத்தார். இந்தோனேசியாவின் மக்காஸர் முஸ்லிம்கள் டிசம்பரில் வடமேற்குக் காற்றோடு ஆஸ்திரேலியாவின் வடகரைக்குப் போய்க் கடலட்டை பிடித்து, காற்று திரும்பியதும் தாயகம் திரும்பினார்கள். காரணத்தைக் கற்றார்கள், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாயும் விரித்தார்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

இனி, இக்காற்றின் பங்கீட்டைப் பாருங்கள். மேகாலயத்து மௌசின்ராமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 சென்டிமீட்டர் மழை. ஓமானின் ஸலாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெறும் தூறலும் பனிமூட்டமுமே. அதிலேயே மலைகள் பச்சையாகிவிடுகின்றன. அம்மலைகளுக்கு வடக்கே போனால் வெறும் பாலை! மேற்கு ஆப்பிரிக்காவில் கினி வளைகுடாவிலிருந்து வரும் பருவக்காற்று 1970களிலும் 1980களிலும் தளர்ந்தது. மாலி, நைஜர் போன்ற நாடுகளில் நம் சகோதரர்கள் கால்நடைகளை இழந்து பட்டினியில் வாடினார்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் அளவுக்கு மீறிச் சூடேறுவதை 'எல் நினோ' என்கிறார்கள். அது வந்தால் பெரு நாட்டின் கரையில் பெருமழை கொட்டும். இந்தியாவில் பெரும்பாலும் மழை குறையும். ஆனால் 1997இல் மிகக் கடுமையான எல் நினோ வந்தும் நம் நாட்டில் மழை குறையவில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறியிருந்தது அதற்கு ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒரு காரணத்தின் மேல் இன்னொரு காரணம்! மழையை மக்களிடையே பங்கிட்டுத் திருப்பிவிடுவதாக அல்ஃபுர்கான் அத்தியாயம் கூறுவதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த விளக்கம் என்ன? ஓர் ஆண்டைவிட மற்றோர் ஆண்டில் மழை கூடுவதில்லை, அல்லாஹ் தான் நாடிய இடத்துக்குத் திருப்புகிறான் என்பதே.

தம்பி, தபால்காரரைத் தெரிந்துகொண்டதால் கடிதம் எழுதியவர் இல்லையென்று ஆகிவிடுமா? மருந்து உண்ணும் நோயாளியும் துஆச் செய்கிறாரே! காற்று தானாக ஆணையிடுவதில்லை, ஆணையிடப்படுகிறது. அதன் கடிவாளம் எவன் கையிலோ அவனிடம்தான் கேட்கிறோம்.

பெரியவரே, உங்களுக்கும் ஒரு சொல். மேகம் திரண்டால் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். ஆது கூட்டத்தார் மேகமென்று மகிழ்ந்தது வேதனையாக முடிந்ததே என அஞ்சுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு ஜும்ஆவில் மழை கேட்டு துஆச் செய்த அவர்களே, மறு ஜும்ஆவில் அது சுற்றுப்புறங்களுக்கு விலகட்டும் என்று துஆச் செய்தார்கள். மழை அருளும் ஆகலாம், சோதனையும் ஆகலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு குடங்கள் வரிசையில் நின்றன. 2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். உலகம் சூடேறி வருவதில் மனிதர் கைக்குப் பங்குண்டு. ஏரியை மூடி வீடு கட்டிவிட்டு, வெள்ளம் வந்தால் விதியென்று சொல்வது தவக்குல் ஆகாது.

ஆகவே மழை கேட்கும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். பள்ளிவாசல் கூரையில் விழும் நீர் நிலத்துக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் ஒளுச் செய்தார்கள். நம் குழாய்களில் எத்தனை குடம் வீணாகிறது? வந்த அருளைக் காக்காதவன் வராத அருளை எந்த முகத்தோடு கேட்பான்?

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன் தரும் மழையைத் தருவாயாக! அதைப் பேணும் அறிவையும், நன்றி செலுத்தும் உள்ளத்தையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!