படைவீரனின் கையும் தொழிலாளியின் கையும்: குரு சீட உரையாடல்

பணியின்போது உறுப்பிழந்த ஒருவருக்கு அவரைப் பணியில் அமர்த்தியவர் பட்ட கடன் எத்தகையது என்பதும், அக்கடன் சீருடை அணிந்தவருக்கு ஒருவகையாகவும் அணியாதவருக்கு வேறுவகையாகவும் அமையலாமா என்பதும் இவ்வுரையாடலின் பொருள். ஹலசூரு ஏரிக்கு அருகே, ‘தம்பிகள்’ என்று படையினரிடையே அழைக்கப்படும் வீரர்களைப் பயிற்றுவிக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையத்தையும், பவர் பிரஸ் இயந்திரங்கள் ஓயாது இயங்கும் பீன்யா தொழிற்பேட்டையையும் ஒருங்கே கொண்டிருப்பதால், இவ்வினாவை ஆராய்வதற்குப் பெங்களூரு பொருத்தமான ஊராகும்.

சீடன்: ஐயா, பயிற்சிக் களத்தில் ஒரு வீரன் கையை இழக்கிறான், பீன்யாவில் ஒரு தொழிலாளி பிரஸ்ஸில் கையை இழக்கிறான். இழந்த உறுப்பு ஒன்றே; வலியும் ஒன்றே. அவ்வாறிருக்க, இழப்பீடு மட்டும் வேறுபடுவது எவ்வாறு?

குரு: வேறுபாட்டின் அளவை அறிந்த பின்னரே அதன் நீதியை ஆராய்தல் முறை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ‘தொழிலாளி’ என்பதற்கு வரையறை கூறும்போதே முப்படையினரை விலக்கிவிட்டது; அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவ்விலக்கு தொடர்கிறது. எனவே படைவீரனுக்கு உரியது இயலாமை ஓய்வூதியம். உடல்நிலை காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவனுக்குக் கடைசி ஊதியத்தில் பாதி பணிக்கூறாகவும், முழு இயலாமைக்கு ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற கணக்கில் இயலாமைக் கூறும் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். மருத்துவக் குழு 60 விழுக்காடு இயலாமை என மதிப்பிட்டால் அது 75 எனக் கொள்ளப்படுவதால், 40,000 ரூபாய் ஊதியம் பெற்றவனுக்கு 20,000 ரூபாயும் 9,000 ரூபாயும் சேர்ந்து மாதம் 29,000 ரூபாய் வரும். எதிரியால் விளைந்த போர்க் காயமாயின் இரண்டாம் கூறு மேலும் உயரும்.

சீடன்: தொழிலாளிக்கு?

குரு: அவனுக்கு இரு வழிகள் உண்டு, அவன் எவ்வழியில் நிற்பான் என்பதை அவனுடைய காயம் முடிவு செய்வதில்லை, சம்பளச் சீட்டே முடிவு செய்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவன் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருவான்; ஊதியத்தின் 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, ஈட்டும் திறனில் எவ்வளவு இழந்தானோ அவ்வளவு அவனுக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். கை இழப்பை அட்டவணை 60 விழுக்காடு என மதிப்பதால், 20,000 ரூபாய் ஊதியக்காரனுக்கு மாதம் ஏறத்தாழ 10,800 ரூபாய் வரும். 22,000 ரூபாய் பெறுபவனோ இழப்பீட்டு விதிகளின்கீழ் ஒரே தவணைத் தொகைக்கு உரியவன் ஆகிறான். அதைக் கணக்கிடும்போது, 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வரம்பின்படி, 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியம் இல்லாததாகவே கருதப்படுகிறது. அவ்வூதியத்தின் 60 விழுக்காட்டை, 30 வயதுக்குரிய காரணியாகிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 60 விழுக்காடு எடுத்தால் 11,23,092 ரூபாய் வரும். இ.எஸ்.ஐ. தொழிலாளி ஒன்பது ஆண்டுகளுக்குள் அத்தொகையைத் தாண்டிவிடுவான். எனவே 2,000 ரூபாய் கூடுதலாக ஈட்டியதே மற்றவனுக்கு இழப்பாக முடிகிறது.

சீடன்: தொழிலாளர்க்குள்ளேயே நேர்மை இல்லை என்பது விளங்குகிறது. ஆயினும் படைவீரனுக்கு மிகுதியாகத் தருவதற்குரிய அடிப்படை எது? அவன் ஏற்கும் ஆபத்தா?

குரு: ஆபத்தே அளவுகோல் என்றால், முகாம் அலுவலகத்தில் கணக்கெழுதும் வீரனைவிடப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்படும் மனிதனுக்கு மிகுதியாகத் தரவேண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி, பிழைக்க வழியற்றவராக்கும் நிலையான இயலாமைக்குக் குறைந்தது 20 லட்சம் தரவேண்டும் என ஆணையிட்டது. ஆபத்து சீருடைக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த ஆணை உணர்த்துகிறது.

சீடன்: அப்படியானால், பிறர்பொருட்டுச் செய்யும் பணி என்பது அடிப்படை ஆகலாமா? போரில் வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு அரசர்கள் நிலம் வழங்கியதைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. கன்னட நாட்டிலும் அத்தகைய கொடை இருந்தது.

குரு: அந்தச் சான்று நீ கருதும் எல்லையையும் கடந்து செல்கிறது. இந்நகரின் தெற்கே பேகூரில் கிடைத்த கங்கர் காலத்து வீரக்கல் போரைக் காட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் இந்நிலப்பரப்பெங்கும் ஆநிரை மீட்டு மாண்டவர்க்கும், ஊரைத் தாக்கிய புலியோடு பொருது இறந்தவர்க்கும் கற்கள் நடப்பட்டன. அவர்கள் எல்லோரும் அரசனிடம் ஊதியம் பெற்ற படையினர் அல்லர். பிறர்பொருட்டு இடர் ஏற்றவரைப் போற்றுதல் நன்றே. ஆயினும் போற்றுதல் வேறு, கடன் தீர்த்தல் வேறு.

சீடன்: எனில் அக்கடன் எதிலிருந்து பிறக்கிறது?

குரு: விட்டுக்கொடுத்த உரிமையிலிருந்து பிறக்கிறது. அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வீரன் சங்கம் சேர இயலாது; 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி கட்டளையை மறுப்பதும் பணியை விட்டு ஓடுவதும் குற்றங்கள். ‘இந்தப் பாலம் பாதுகாப்பற்றது, இதில் ஏறமாட்டேன்’ என்று சொல்லும் வாயிலை அரசே அடைத்துவிட்ட பின், அப்பாலம் இடிந்ததன் விளைவை அரசே சுமப்பது முறை. படைவீரனுக்குரிய மிகுதி இதற்கான ஈடே ஆகும். அவனுடைய கை உயர்ந்தது என்பது அதன் பொருளன்று.

சீடன்: பீன்யா தொழிலாளிக்கு அவ்வாயில் திறந்திருக்கிறதா, ஐயா? பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு பிரஸ்ஸை ஓட்டச் சொல்லும்போது மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கின்றன. சட்டம் கட்டவில்லை என்றாலும் பசி கட்டுகிறதே?

குரு: உன் மறுப்பு வலியது. சட்டத்தின் கட்டும் பசியின் கட்டும் ஒன்றல்ல; முன்னதை அரசு தன் கையாலேயே இட்டது, பின்னதை அவிழ்க்காமல் விட்டது. ஆதலால் முன்னதற்குத் தனி ஈடும், பின்னதற்கு யாவர்க்கும் பொதுவான அடித்தளமும் கடனாகின்றன. அடித்தளம் என்பது, உறுப்பிழந்தவர் எவராயினும், அவர் உண்மையில் ஈட்டிய ஊதியத்தை ஒட்டி வாழ்நாள் முழுவதும் வரும் வருவாய். அதன்மேல் வீரனுக்குரிய ஈட்டை அடுக்கினால் தொழிலாளி மனம் குறைபட இடமில்லை. அடித்தளமே இல்லாதபோதுதான் மேலடுக்கு அநீதியாகத் தோன்றுகிறது.

சீடன்: இந்த அளவுகோலை அரசு தன் வீரர்க்கேனும் சரியாகப் பயன்படுத்துகிறதா? 2022இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவனும் அதே கட்டளைக்குத்தானே கட்டுப்பட்டவன்?

குரு: இல்லை என்பதே விடை. நான்காண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீரனுக்கு ஓய்வூதியம் இல்லை; பணியால் விளைந்த இயலாமை 100, 75, 50 விழுக்காடாக இருப்பின் முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தவணையில் தரப்படுகிறது; எஞ்சிய பணிக்காலத்தின் ஊதியமும், சேவா நிதி என்னும் பணிநிறைவுத் தொகையும் உடன் சேரும். விட்டுக்கொடுத்த உரிமை ஒன்றே என்றால், ஒருவனுக்கு வாழ்நாள் வருவாயும் மற்றவனுக்கு ஒருமுறைத் தொகையும் என்பதை அக்கொள்கையால் நியாயப்படுத்த இயலாது. பயிற்சிக் காலத்திலேயே காயமுற்று வெளியேறிய அதிகாரிப் பயிற்சியாளரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது; அவர்கள் முன்னாள் படைவீரராகவும் கருதப்படாததால், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

சீடன்: தொகை ஒருபுறம் இருக்க, காயமோ நோயோ பணியால் வந்ததென்று மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

குரு: படைவீரன் பெற்ற நற்பேறுகளுள் தலையாயது அதில்தான் உள்ளது. 2013இல் தரம்வீர் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையின்போது குறை எதுவும் பதிவு செய்யப்படாதிருப்பின் அவன் நலமாகவே சேர்ந்தான் என்றும், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்றும் கூறியது. பணி நேரத்து விபத்துகளுக்கு இத்தகைய அனுமானம் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது, ஆனால் நோய்களைப் பொறுத்தவரை, பட்டியலில் இடம்பெற்ற தொழில்நோய்களுக்கு அப்பால் தொழிலாளியே காரணத்தை நிறுவவேண்டும்.

சீடன்: முடிவாகக் கொள்ளத்தக்கது யாது?

குரு: படைவீரனுக்குக் கிடைப்பதைக் குறைத்துச் சமன் செய்வது நீதியன்று. இழப்பீட்டுக் கணக்கில் 15,000 ரூபாய் வரம்பை நீக்குதல், ஒரே தவணைத் தொகைக்கு மாற்றாக வாழ்நாள் வருவாயைத் தொழிலாளர் அனைவர்க்கும் உரியதாக்குதல், நலமாக வந்தவரின் நோய்க்குக் காரணம் கூறும் பொறுப்பைப் பணியளிப்பவரிடம் வைத்தல், ஒரே கட்டளைக்கு உட்பட்ட வீரர்க்குள் வேறுபாட்டை ஒழித்தல் ஆகிய நான்கும் நிறைவேறும் வரை, இந்நாட்டில் இழந்த கைக்குரிய ஈடு, கையை இழந்தவனின் பணி ஆவணத்தைப் பொறுத்தே அமையும். அது நீதி ஆகாது.