முன்பனியும் தன்னையறிதலும்

மார்கழி, தை என்னும் இரு திங்களையும் முன்பனிக் காலமென வகுத்தனர் நம் முன்னோர். தொண்டைநாட்டில் ஐப்பசி கார்த்திகைகளிற் பெய்யும் மழை ஓய்ந்து, செங்கற்பட்டுக் கொளவாய் ஏரி முதலிய நீர்நிலைகள் நிறைந்து, சம்பாக் கதிர் முற்றுதலை நோக்கி உழவரும் சிறிது அமர்ந்திருக்கும் பருவம் இது. இரவு நீளுதலின், புறத்தே ஓடும் மனம் அகத்தே ஒடுங்குதற்கும் இடனுண்டாகின்றது. தேவர்க்கு வைகறையெனப்படும் மார்கழியிலே திருவெம்பாவை ஓதுதலையும் திருவாதிரை வழிபாட்டையும் ஆன்றோர் அமைத்தது இவ்வியைபு நோக்கியே போலும்.

ஓய்வின்றி உழல்வோர் பலர் இக்காலத்து, ‘சின்னாள் தனித்திருந்து நம்மை நாமே நாடின், இழந்த நம்மை மீளப் பெறுவோம்’ என்கின்றனர். விருப்பம் நன்றே. ஆயின், புறத்தைவிட்டு ஒதுங்கிய அளவானே உயிர் தன்னை அறிந்துவிடுமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

அறியாது என்பதே சித்தாந்த முடிபு. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. கருவிகளோடு கூடி உலகையே தானெனக் கொண்டு நிற்பது சகல நிலை. கருவிகள் நீங்கியவழி ஆணவ இருளில் அழுந்திக் கிடப்பது கேவல நிலை. ஆகலின், கண்மூடி வாய்வாளாதிருந்தான் ஒருவன் பெற்றது தன்னறிவோ, அமைதிபோலத் தோன்றும் இருளோ என ஐயுறுதற்கு இடமுண்டு. உறங்குவானும் அமைதியாகவே கிடக்கின்றான். அவனைத் தன்னையறிந்தான் என்பார் யாருமிலர்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து அயர்ந்த உயிரைக் கூறினார். அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் அதனை, வேடரிடத்துத் தங்கிய மன்னவன் மகனாக விளக்கினார். அம்மகன் காட்டிலே எத்துணை நாள் தனித்திருந்து எண்ணினும், தான் அரசன் மகனென்பதைத் தானே அறிதல் கூடாது. தந்தை வந்து உணர்த்தவே அறிவான். அங்ஙனமே உயிரும் இறைவன் குருவாய் வந்து உணர்த்தவே தன்னை அறியும்.

அற்றேல், தனித்திருந்து சிந்தித்தல் எற்றுக்கெனின், வேடரது ஆரவாரத்திடையே தந்தையின் குரல் செவிப்படாது. அக்குரலைக் கேட்டற்குச் செவியைப் பண்படுத்துவதே அமைதியின் பயன் என்க. செவியைக் குரலென மயங்குதல் கூடாது.

இம்மயக்கத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. தன்னறிவு தனிமையாலேயே வருமாயின், அஃது ஓய்வுடையார்க்கே உரிய செல்வமாய்விடும். இன்றைய சிங்கப்பெருமாள் கோயிலைக் காண்க. அதனை அடுத்து, மறைமலையடிகள் பெயரால் வழங்கும் மறைமலைநகரிலும் சூழ்ந்த ஊர்களிலும் தொழிற்சாலைகள் மிக்குள்ளன. மார்கழி வைகறையில் நீராடி வழிபடச் செல்வார் ஒருபுறமாக, இரவெல்லாம் உழைத்து வீடு திரும்புவார் ஒருபுறமாக ஒரே தெருவில் எதிர்ப்படுகின்றனர். முன்னவர்க்கே இறைவன் தன்னை உணர்த்துவன், பின்னவர்க்கு உணர்த்தான் எனின், அருள் ஓரம் சாய்ந்ததாய் முடியும். அது சைவத்துக்கு ஒவ்வாது.

இதற்குத் தொண்டைநாட்டு நிகழ்ச்சிகளே சான்றாகும். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார் ஆடை வெளுக்கும் தொழிலினர். குளிர் மிக்க காலத்தில் இறைவன் மெலிந்த தவவேடத்தினராய்க் கந்தையுடன் அவர்பால் வந்தனர். பொழுது சாயுமுன் வெளுத்துத் தருமாறு கேட்டனர். மழை விடாது பெய்தது. அடியார் குளிரால் வருந்துவரே என ஆற்றாது, துணி துவைக்கும் கல்லிலே நாயனார் தலையை மோதப் புக, அக்கல்லினின்றும் எழுந்த திருக்கை தடுத்தது. அவர் தனியிடம் நாடினாரல்லர். பிறர் குறிப்பறியும் அன்பே அவர்க்குச் சிந்தனையாயிற்று. அவர் வேலைசெய்த கல்லிலே அருள் வெளிப்பட்டது.

சிங்கப்பெருமாள் கோயிற்கு அணித்தாகிய திருக்கச்சூரிலோ, அமர்ந்திருந்தவர்க்கு அருள் வந்தது. ஆலக்கோயிலை வணங்கிய சுந்தரமூர்த்தி நாயனார் பசியால் இளைத்து மதிலருகே இருந்தார். இறைவன் அந்தணராய் வந்து, அவரை அங்கேயே இருக்கச்சொல்லி, உச்சிவேளையில் வீடுதோறும் சென்று சோறும் கறியும் இரந்து கொணர்ந்து ஊட்டி மறைந்தனர். அவ்வருளை வியந்து பாடிய பதிகம் ஏழாந்திருமுறையில் 41 ஆவதாக உள்ளது.

உழைத்தவரும் இருந்தவரும் ஒருங்கே அருள் பெற்றமையின், வேலையும் ஓய்வும் அருளுக்குக் காரணமல்ல என்பது தெளிவு. மேலும், திருக்கச்சூரில் அடியவர் இருக்க ஆண்டவன் நடந்தான் என்பதை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு உருகுகின்றது. நாம் அகத்தே தேடும் அப்பொருள், பிறன் பசியின்பொருட்டு வெயிலிலே தெருவில் திரிந்தது! அங்ஙனமாக, அதனைத் தேடுகின்றோம் எனச் சொல்லி அடுத்தவன் பசிக்குக் கதவடைப்போமாயின், நம் அமைதி அப்பொருளை நோக்கியதாகாது; ஆணவத்தை நோக்கியதே ஆகும்.

ஆதலால் இம்முன்பனி நாட்களிற் சிறுபொழுதேனும் ஐந்தெழுத்தை நினைந்து அமர்ந்திருத்தல் நம் கடன். எழுந்தபின், எதிர்ப்படுவாரது வாட்டம் முன்னினும் தெளிவாக நம் கண்ணுக்குப் புலப்படின் அவ்விருப்பு அருள்வழியது எனத் தேறலாம். புலப்படாதாயின், மறுநாள் வைகறையில் இன்னும் பணிந்து அமர்க.

திருச்சிற்றம்பலம்.