புலன் என்னும் அமானிதம்

ஐம்புலன்களை அடக்கியாள வேண்டும் என்பது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை. கண் அலையக் கூடாது. நா நீளக் கூடாது. கண்ட பேச்சுக்கெல்லாம் காதைக் கொடுக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். போதிக்க வேண்டியதுதான். ஆனால், இதனையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய நம் மனத்தில் வேறோர் எண்ணமும் சந்தடியின்றிக் குடியேறிவிட்டது. எண்ணத்தால் வாழ்பவன் உயர்ந்தவன், புலன்களால் வாழ்பவன் தாழ்ந்தவன் என்பதே அவ்வெண்ணம். கண்ணையும் காதையும் கையையும் மனிதனைக் கீழே இழுக்கும் சுமைகளாகவே கருதத் தொடங்கிவிட்டோம். இக்கருத்து சரிதானா?

தமிழ் மரபு அப்படி ஒருதலையாகச் சொல்லவில்லை. திருக்குறளின் 'நீத்தார் பெருமை' என்னும் அதிகாரம் ஐம்புலன்களைக் காப்பதைப் பற்றியும் பேசுகிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்னும் ஐந்தின் கூறுபாட்டைத் தெரிந்துகொள்வதைப் பற்றியும் பேசுகிறது. காப்பதும் தெரிந்துகொள்வதும் ஒரே அதிகாரத்தில் நிற்பது சிந்திக்கத்தக்கது.

மேலை நாட்டு உளவியலும் இவ்வினாவைத் தன் வழியில் ஆராய்ந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் குஸ்டாவ் யுங் (1875–1961), 1921ஆம் ஆண்டில் 'உளவியல் வகைகள்' என்னும் பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். சிந்தனை, மதிப்புணர்வு, புலனுணர்வு, உள்ளுணர்வு என்னும் நான்கு வழிகளில் மனித மனம் இயங்குகிறது என்பது அவர் கொள்கை. இந்நான்கும் வெளியுலகை நோக்கியும் திரும்பலாம். உள்ளுலகை நோக்கியும் திரும்பலாம். வெளிப்பொருள்களின் மீது நேரே சென்று படிகின்ற புலனுணர்வை அவர் தனியொரு வகையாக எடுத்துப் பேசினார். நாம் அதனைப் புறமுகப் புலனுணர்வு என்னலாம். இந்த இயல்பு மேலோங்கியவர், கண்முன் உள்ளதை உள்ளவாறே காண்பவர். நேற்றைய நினைவும் நாளைய கற்பனையும் அவருக்கு மங்கலானவை. இக்கணத்தின் நிறமும் மணமும் எடையும் சூடுமே அவருக்கு மெய்.

பிற்காலத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ஆகிய இருவரும் யுங்கின் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு வினாத்தாள் ஒன்றை வகுத்து, மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரித்தனர். இன்றைய உளவியலார் பலர் இப்பிரிவினையை ஏற்பதில்லை. அதே வினாத்தாளுக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி விடையளிப்பவர்களில் பலர் வேறொரு வகையில் போய் விழுகிறார்கள். மனித இயல்பு பெட்டிகளில் அடைபடுவதன்று. கூடியும் குறைந்தும் படர்ந்து கிடப்பது. மனிதர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யுங்கே 1934இல் எழுதிய முன்னுரை ஒன்றில் ஒதுக்கியிருக்கிறார். எனவே, 'நான் இன்ன வகை. என்னால் இவ்வளவுதான் முடியும்' என்று எவரும் இதனைச் சாக்காகக் கொள்ள இடமில்லை. எனினும், நம்மிடையே கூடியும் குறைந்தும் காணப்படும் ஓர் ஆற்றலுக்கு அவர் தந்த விளக்கம் பயனுடையது.

அந்த ஆற்றலை நாம் அன்றாடம் காண்கிறோம். திருமண வீட்டில் தேக்சாவின் மூடியைத் திறக்காமலே, கசியும் ஆவியின் மணத்தைக் கொண்டு தம் இறங்கிவிட்டது என்று சொல்லும் சமையற்காரரிடம் அது இருக்கிறது. துணியின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்லும் ஜவுளி வணிகரிடம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுத் துணிபோல் மடிக்கத்தக்க பாய் நெய்யும் நம் சமுதாயப் பெண்களின் விரல்நுனியில் இருக்கிறது. இழையின் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அந்த விரல் அறியும். பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்த மாத்திரத்தில் 'காய்ச்சல் ஏறுகிறது' என்று சொல்லும் உம்மாவிடமும் அதே ஆற்றல்தான்.

இவர்களை நாம் எப்படி மதிக்கிறோம்? மகன் ஒருவன் பாடப் புத்தகத்தின் முன் அரைமணி நேரம் உட்கார மாட்டேன் என்கிறான். ஆனால், தெருவில் போகும் வண்டியின் ஓசையைக் கேட்டே அதன் பழுதைச் சொல்லிவிடுகிறான். அவனுக்கு வீட்டில் கிடைக்கும் பட்டம் 'மக்கு.' வாப்பா சொல்கிறார், மாமாக்கள் சொல்கிறார்கள், பத்து வயதுக்குள் அவனே அதை நம்பிவிடுகிறான். எழுத்தின் வழியே வரும் அறிவை மட்டும் அறிவென்று கொண்டாடி, கையின் வழியேயும் காதின் வழியேயும் வரும் அறிவைப் பிழைப்புக்கான தந்திரம் என்று ஒதுக்கினால், இறைவன் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த கொடையை நாம் மறுத்தவர்களாகிறோம். இது சிறிய தவறன்று. ஒரு குழந்தையின் வாழ்வு முழுவதும் நிழலாகத் தொடரும் தீர்ப்பு அது.

மார்க்கம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நம் வணக்கங்களின் நேரங்கள் வானத்தோடு கட்டப்பட்டவை. கீழ்வானில் படரும் வெளுப்பைப் பார்த்து ஃபஜ்ரு. உச்சி சாய்ந்ததும் லுஹர். நண்பகல் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டதும் அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரு மடங்கானதும் என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து. பிறையைக் கண்டு நோன்பு; பிறையைக் கண்டு பெருநாள். கடிகாரமும் அட்டவணையும் வந்த பின்னர் நிழலை அளப்பார் இல்லை. ஆயினும் அடிப்படை மாறவில்லை. வணக்கத்திற்கு முன்னால் முஸ்லிம் வெளியுலகை உற்றுப் பார்க்கக் கடமைப்பட்டிருந்தான். 88ஆம் அத்தியாயமான ஸூரத்துல் காஷியா, ஒட்டகம், வானம், மலை, பூமி என்று கண்முன் உள்ளவற்றையே வரிசையாகச் சுட்டி நம் பார்வையை அழைக்கிறது. 7ஆம் அத்தியாயத்தின் 179ஆம் வசனமோ, கண்ணும் காதும் பெற்றிருந்தும் அவற்றைப் பயன்படுத்தாதவர்களைக் கண்டிக்கிறது. அங்கே பழிக்கப்படுவது பார்வையன்று, பாராமை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து மூன்று செய்திகளை இங்கே நினைவுகூர்வோம். அங்காடியில் ஒரு தானியக் குவியலைக் கண்ட பெருமானார் அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் தட்டியது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடியைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி இது. இரண்டாவது: நீண்ட தொழுகையை எண்ணித் தொடங்கியவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். மூன்றாவது: வயிறு ஒட்டி மெலிந்த ஒட்டகம் ஒன்றைக் கண்டு, வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சும்படி எச்சரித்தார்கள்.

இம்மூன்றிலும் நீதியும் இரக்கமும் எங்கிருந்து தொடங்கின? விரல் ஈரத்தை உணர்ந்தது. காது அழுகையைக் கேட்டது. கண் மெலிவைக் கண்டது. அதன் பிறகே தீர்ப்பு வந்தது. வணிகத்தில் நேர்மை வேண்டும் என்ற கொள்கையை ஆயிரம் பேர் அறிந்திருக்கலாம். குவியலுக்குள் கையை விடுகிறவர் இல்லையென்றால் அந்தக் கொள்கை அங்காடியில் நடமாடாது. பசித்தோர்க்கு உணவளிப்பதன் சிறப்பைப் பற்றி அழகாகப் பேசக்கூடிய ஒருவர், அண்டை வீட்டு அடுப்பில் இரண்டு நாளாகப் புகை எழாததைக் கவனிக்காமல் போய்விடக் கூடும். கொள்கைக்குக் கண் கிடையாது. மனிதன்தான் அதற்குக் கண்ணைத் தர வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். புலன்கள் ஏமாற்றும் அல்லவா? உண்மைதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தம் அறிவுப் பயணத்தை விவரிக்கும் 'அல்முன்கித்' நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்திருக்கிறார்கள். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்லும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கும். விண்மீன் ஒரு நாணயத்தின் அளவே தோன்றும்; கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்று நிறுவும். அவர்களுக்கு முன்னரே, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஒளியியல் பற்றிய தம் ஏழு பகுதி நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் படுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று நிறுவியதோடு, பார்வைப் பிழைகளுக்கெனவும் ஒரு பகுதியை ஒதுக்கினார்.

ஆயினும் இவர்கள் எவரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. புலன் ஒரு சாட்சி. சாட்சி தவறிச் சொல்லலாம். அதனால்தான் அறிவு என்னும் நீதிபதி அமர்ந்திருக்கிறார். ஆனால், சாட்சிகளையெல்லாம் விரட்டிவிட்டு எந்த நீதிபதி வழக்கைத் தீர்ப்பார்?

ஏமாற்றத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. பொருளை அறிந்துகொண்டிருந்தவன் மெல்ல மெல்லப் பொருளுக்கு அடிமையாவதே அது. இவ்வியல்பு எல்லை மீறினால் மனிதன் வெறும் இன்பம் தேடியாகவோ, எதிலும் நயம் மட்டுமே பார்க்கும் சுவைஞனாகவோ சீரழிவான் என்று யுங் எச்சரித்தார். புறக்கணிக்கப்பட்ட உள்ளுணர்வு, ஆதாரமற்ற சந்தேகமாகவும் பொறாமைக் கற்பனையாகவும் மூடநம்பிக்கையாகவும் பின்வாசல் வழியே திரும்பி வரும் என்றும் எழுதினார். கண்ணால் கண்டதையன்றி எதையும் நம்பாத கெட்டிக்கார வியாபாரி, கடையில் நான்கு நாள் விற்பனை குறைந்ததும் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று தாயத்துக்காரரைத் தேடி ஓடுவதை நாம் பார்த்ததில்லையா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிக்காஹ் வீட்டின் பெண்கள் பகுதியில் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஏழை உறவினரைக் கண்டு, அருகே சென்று கைபிடித்து அழைத்து வந்து சஹனில் அமர்த்துவதும் ஒரு கூரிய கண்தான். அவருடைய சேலை பழையது, கையில் வளையல் இல்லை என்று கண்டுகொண்டு பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுப்பதும் ஒரு கூரிய கண்தான். பார்வையின் கூர்மையில் இரண்டும் சமம். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை 49ஆம் அத்தியாயம் வெளிப்படையாகவே தடுக்கிறது. ஆகவே, எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறோம் என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. நிய்யத்து என்று நாம் சொல்வது தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் உரியதா? பார்வைக்கும் ஒரு நிய்யத்து உண்டு.

அந்த நிய்யத்தைப் பழக்குவதற்கு நோன்பைவிடச் சிறந்த பயிற்சியில்லை. ரமலானில் அஸருக்குப் பின் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியின் மணத்தை நோன்பாளியின் மூக்கு மற்ற நாள்களைவிடத் துல்லியமாக அறியும். நோன்பு அந்த உணர்வைக் கொன்றுவிடவில்லை. மணத்தை அறிந்த மூக்குக்கும் பாத்திரத்தை எடுக்கும் கைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளியை அது உண்டாக்குகிறது. மனிதனின் சுதந்திரம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில் நின்று, தன் பசியைக் கொண்டே பிறர் பசியை அறிய முடிந்தவன் புலன்களை அடக்கியவனும் ஆவான், பயன்படுத்தியவனும் ஆவான்.

இன்று இப்பயிற்சி முன்னைவிட அவசியமாகிவிட்டது. கைப்பேசியின் திரை கண்ணையும் காதையும் ஓயாமல் நிரப்புகிறது. மணமில்லை, சுவையில்லை, தொட்டால் கண்ணாடியின் வழுவழுப்பைத் தவிர வேறில்லை. ஓராயிரம் காட்சிகளைப் பார்த்து முடித்த ஒருவர், எதிரே அமர்ந்து உண்ணும் மகள் இன்று பாதிச் சோற்றோடு கையைக் கழுவியதைப் பார்ப்பதில்லை. கண்கள் நிறைந்திருக்கின்றன, காண்பது குறைந்திருக்கிறது.

ஆகவே நம் குடும்பங்களுக்கு இரு கடமைகள் உள்ளன. கையாலும் கண்ணாலும் கற்கும் பிள்ளையை இழிவாகப் பேசாமல், அவனுடைய ஆற்றலை ஆற்றல் என்று வாயாரச் சொல்லி, 'நீ கண்டதை எதற்குப் பயன்படுத்தப் போகிறாய்?' என்ற கேள்வியையும் அவனோடு சேர்த்து வளர்ப்பது ஒன்று. நூல்களிலும் எண்ணங்களிலும் மூழ்கி வாழ்வோர், நாளுக்கு ஒருமுறையேனும் தலையை நிமிர்த்தித் தம் வீட்டையும் அண்டை வீட்டையும் உற்றுப் பார்க்கப் பழகுவது மற்றொன்று. குழம்பு காய்ச்சும்போது சிறிது தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொன்ன நபிமொழி பிறந்த மார்க்கம் இது. அந்த அடுப்பங்கரைக் கட்டளைக்குத் தத்துவ ஞானம் தேவையில்லை; விழித்திருக்கும் கண் போதும்.

திருமறையின் 17ஆம் அத்தியாயம் 36ஆம் வசனம், செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, மூன்றும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. இதயத்திற்குத் தனிச் சலுகை இல்லை. செவியும் பார்வையும் பொருட்படுத்தத் தகாதவை என்று தள்ளப்படவும் இல்லை. மூன்றும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அமானிதத்தைப் பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடுபவனும் அதற்குத் துரோகம் செய்தவனே. ஊதாரியாகச் செலவழிப்பவனும் துரோகம் செய்தவனே. உரியவன் கேட்கும் நாளில் கணக்கோடு திருப்பித் தரும் பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!