சக்கர நாற்காலியும் பள்ளிவாசலின் ஐந்து படிகளும்

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

 

போன மாதம் நம் மஹல்லாவின் தாய் ஒருவர் மஸ்அலா கேட்டு வந்தார். அவருடைய ஒன்பது வயது மகனுக்கு மூளை வாதம். "ஹஜ்ரத், இவனுடைய வீல்சேர் தெருவெல்லாம் ஓடுகிறது. அந்தச் சக்கரத்தோடு பள்ளிக்குள் வரலாமா? நஜீஸ் என்கிறார்களே" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நம்மில் ஒருவராகத்தான் இருக்கும்.

தெருப்புழுதி நஜீஸ் அல்ல. அசுத்தம் ஒட்டியிருப்பது தெரிந்தால் கழுவ வேண்டும். இல்லையென்றால் விரிப்பு அழுக்காகாமல் இருக்க ஈரத்துணியால் துடைத்தால் போதும். இவ்வளவுதான் மஸ்அலா.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. "இதுவரை இவன் வாப்பாதான் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டான், அவருக்கு முதுகு முடியவில்லை. வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டால் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்கிறான்" என்றார்.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்ட நபித்தோழர். தம் கூட்டத்தாருக்குத் தொழுவித்தவர். பார்வை மங்கியது. மழை பெய்தால் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் ஓடும், அவரால் பள்ளிக்குப் போக முடியாது. தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுது தருமாறும், அதையே தாம் தொழுமிடமாக்கிக் கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே, எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேட்டார்கள். அவர் காட்டிய இடத்தில் இரண்டு ரக்அத் தொழுவித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

நாமோ அந்தத் தாயைப் பார்த்து, "பொறுமையாக இருங்கள், இது அல்லாஹ்வின் சோதனை" என்கிறோம். பிள்ளையின் நோய் சோதனைதான். இந்த ஐந்து படிகளை வைத்தது கொத்தனார்!

சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் வாசல் இரண்டரை அடி உயரம், அப்படியானால் முப்பது அடி. நேராகப் போட இடமில்லை, ஒளுச் செய்யும் பக்கமாகத் திருப்ப வேண்டும். செலவைக் குறைக்கச் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னால் சாயும்.

இன்னொன்று, பிள்ளை வளர வளர நாற்காலியும் மாற வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் முதுகு வளையும், உட்காருமிடம் புண்ணாகும். "போன தடவைதான் கொடுத்தோமே" என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஜகாத்தை இதற்கும் கொடுக்கலாம்.

அவன் வரும்போது ஸஃப்பில் இடம் விடுங்கள். அந்த நாற்காலி அவனுடைய கால். கேட்காமல் பிடித்துத் தள்ளாதீர்கள்.

தொழுகை முடிந்ததும் முத்தவல்லியும் நிர்வாகிகளும் கொஞ்சம் இருங்கள். அளவு நாடா கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் வருகிறார். நாற்காலி திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாரகல்லாஹு லீ வலகும்.